கேலக்ஸி, விண்வெளித் தொலைநோக்கி, வானியல் வேலை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

சொந்த ஊர் ஆம்பூர், இருப்பது பெங்களூரு. கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த மண்டலங்களான கேலக்ஸிகளைப் புறஊதா ஒளியில் ஆராய்வது என் வேலை. நான் அதிகம் பயன்படுத்துவது நம் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் தரவு. நம் பெங்களூர்த் தமிழ் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அல்சூரிலிருந்து ஒருவர்: மேடம், கவலூரில் பெரிய தொலைநோக்கி இருக்கிறது, லடாக்கில் இருக்கிறது. அப்படியிருக்க, ஒரு சின்னக் கண்ணாடியை ராக்கெட்டில் வைத்து மேலே அனுப்புவானேன்?

நியாயமான கேள்வி. கவலூரில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர். லடாக்கின் ஹான்லேயில் இருப்பது 2 மீட்டர், அதுவும் 4,500 மீட்டர் உயரத்தில். அஸ்ட்ரோசாட்டில் இருக்கும் யூவிஐடி என்ற புறஊதாத் தொலைநோக்கியின் கண்ணாடியோ 38 சென்டிமீட்டர்தான். ஆனால் நம் தலைக்கு மேல் இருக்கும் ஓசோன், 300 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளத்தைக் கிட்டத்தட்ட முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது. ஹான்லே உயரத்துக்கும் மேலேதான் ஓசோன் படலம் இருக்கிறது, அதனால் மலையேறிப் பயனில்லை. விண்வெளிக்குத்தான் போயாக வேண்டும்.

சரி, அந்த ஒளியில் அப்படி என்ன இருக்கிறது? மிகச் சூடான, இளம் நட்சத்திரங்கள் புறஊதாவில்தான் பளிச்சென்று தெரியும். அவை வேகமாக எரிந்து தீர்ந்துவிடும். அதனால் ஒரு கேலக்ஸியைப் புறஊதாவில் படம் எடுத்தால், கடந்த பத்து, இருபது கோடி ஆண்டுகளில் அங்கே எந்தெந்த இடத்தில் நட்சத்திரங்கள் பிறந்தன என்பது கண்ணுக்குத் தெரிகிறது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஜேஓ201. சுமார் 70 கோடி ஒளியாண்டுக்கு அப்பால், ஏபெல் 85 என்ற கேலக்ஸிக் கூட்டத்துக்குள் நொடிக்கு 3,000 கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் பாய்ந்துகொண்டிருக்கிறது. அந்தக் கூட்டத்தை நிரப்பியிருக்கும் சூடான வாயு எதிரே மோதுவதால், இந்தக் கேலக்ஸியின் சொந்த வாயு பின்பக்கமாக உரிந்து போகிறது. அப்படி உரிந்துபோன வாயுவிலும் புது நட்சத்திரங்கள் பிறந்திருக்கின்றன! பெங்களூரு குழு எடுத்த யூவிஐடி படத்தில், கேலக்ஸியின் உடலுக்கு வெளியே முடிச்சு முடிச்சாக அவை தெரிகின்றன. முதல் முறை பார்த்தபோது வெகுநேரம் திரையை விட்டு நகர மனம் வரவில்லை.

பீன்யாவில் இயந்திரப் பட்டறை வைத்திருப்பவர்: கருவியைச் செய்வதில் எது கஷ்டம்? கண்ணாடி தேய்ப்பதா?

கண்ணாடியும் கஷ்டம்தான். ஆனால் புறஊதாக் கருவிக்கு முதல் எதிரி அழுக்கு. எண்ணெய்ப் பிசுக்கு போன்ற கரிமப் பொருள் கண்ணாடி மேல் மெல்லிய படலமாகப் படிந்தால் போதும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, புறஊதாவில் பாதிக்கும். பசை, பிளாஸ்டிக், வயர் உறை என்று எல்லாவற்றிலிருந்தும் ஆவி வரும். அதனால் ஹொசகோட்டேயில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வளாகத்தில் யூவிஐடியைப் பூட்டும்போது, தூய நைட்ரஜனை உள்ளே ஓடவிட்டுப் பாதுகாத்தார்கள். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய பிறகும் உடனே மூடியைத் திறக்கவில்லை. செயற்கைக்கோள் விடும் ஆவியெல்லாம் அடங்கட்டும் என்று நவம்பர் கடைசி வரை காத்திருந்தார்கள். பத்திரிகைகள் ‘முதல் படம் எங்கே’ என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது மூடியைத் திறக்காமல் இருக்கத் தனி மன உறுதி வேண்டும். அந்த நிதானத்தின் பலனை இன்றும் நாங்கள் அனுபவிக்கிறோம்.

இன்னொன்று, உங்களைப் போன்றவர்களுக்குப் பிடிக்கும். செயற்கைக்கோள் ஆடாமல் நிற்காது. ஒரு பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். கேமராவைப் போல நீண்ட நேரம் திறந்து வைத்து எடுத்தால் படம் கோடுகோடாக இழுபட்டுவிடும். அதனால் இந்தக் கருவி நொடிக்குச் சுமார் 29 பிரேம் எடுக்கிறது. ஒவ்வொரு பிரேமிலும் வந்து விழுந்த ஒவ்வொரு ஃபோட்டானின், அதாவது ஒளித்துகளின், இடத்தையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்கிறது. அதே நேரத்தில், கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கான இன்னொரு பிரிவு அதே திசையில் இருக்கும் நட்சத்திரங்களைப் பின்தொடர்ந்து, எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்கு வைக்கிறது. பிறகு தரையில் கணினியில் ஒவ்வொரு ஃபோட்டானையும் அந்த அளவுக்குப் பின்னால் நகர்த்தி, அதன் சரியான இடத்தில் வைக்கிறோம். இப்படிச் சேர்த்த படத்தில் சுமார் ஒன்றரை வினாடிக் கோணத் தெளிவு கிடைக்கிறது (ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு வினாடிக் கோணம்; எண் சிறிதானால் தெளிவு அதிகம்). 2003இல் அமெரிக்கா அனுப்பிய கேலெக்ஸ் என்ற புறஊதாத் தொலைநோக்கிக்குக் கண்ணாடி இதைவிடப் பெரிது, ஆனால் தெளிவு ஐந்து வினாடிக் கோணம் அளவில்தான். கண்ணாடியின் அளவை மட்டும் வைத்துத் தொலைநோக்கியை எடை போடாதீர்கள்.

ராமமூர்த்தி நகர் வாசகர்: நம் தொலைநோக்கி ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியை மிஞ்சிவிட்டது என்று படித்தேன். உண்மையா?

நீங்கள் படித்தது 2020இல் வந்த ஏயுடிஎஃப்எஸ்01 என்ற கேலக்ஸியைப் பற்றியதாக இருக்கும். 930 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கும் அந்தக் கேலக்ஸியிலிருந்து, ஹைட்ரஜன் அணுவையே உடைக்கும் வலிமை கொண்ட புறஊதா ஒளி தப்பி வெளியே வருவதை யூவிஐடி பிடித்தது. புனேயில் உள்ள ஐயூக்கா வானியல் மையத்தின் கனக் சாஹா தலைமையிலான குழு இதைக் கண்டறிந்தது. ‘மிஞ்சியது’ என்று சொல்ல மாட்டேன். ஹபிளால் முடியும் பல வேலைகள் நம் 38 சென்டிமீட்டரால் முடியாது. ஆனால் ஃபோட்டானை ஒவ்வொன்றாக எண்ணும் முறையில் டிடெக்டரின் பின்னணி இரைச்சல் மிகக் குறைவு. அதுதான் கைகொடுத்தது. 2016 அக்டோபரில் 28 மணி நேரத்துக்கு மேல் அந்தத் திசையையே பார்த்து எடுத்த தரவு அது. எடுத்த பிறகு, இது நிஜமான சமிக்ஞைதானா என்று உறுதி செய்ய ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் செலவிட்டார்கள். எனக்கு அந்த ஆய்வில் பெரிய மரியாதை அந்த இரண்டு ஆண்டுகளுக்காகத்தான்.

விவேக் நகர் கல்லூரி மாணவர்: படங்களில் வரும் கலர் எல்லாம் பொய்யா அக்கா?

பொய் இல்லை தம்பி, ஒதுக்கீடு. புறஊதாவுக்கும் அகச்சிவப்புக்கும் நம் கண்ணில் நிறம் கிடையாது. எனவே குறைந்த அலைநீளத்துக்கு நீலம், அதிக அலைநீளத்துக்குச் சிவப்பு என்று வரிசை மாறாமல் கொடுக்கிறோம். நாங்கள் அளப்பது கறுப்பு வெள்ளைப் படத்தில்தான்.

ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு அம்மா: மகள் பிளஸ் டூ. வானியல்தான் படிப்பேன் என்கிறாள். வேலை கிடைக்குமா? எவ்வளவு வருஷம் ஆகும்?

மறைக்காமல் சொல்கிறேன். வருஷம் ஆகும். பி.எஸ்சி. இயற்பியல், எம்.எஸ்சி., பிறகு ஐந்தாறு ஆண்டு பிஎச்டி. பி.இ. படித்துவிட்டு வருபவர்களும் உண்டு. நுழைய ஜெஸ்ட், கேட், நெட் தேர்வுகள். பெங்களூரிலேயே இந்திய வானியற்பியல் நிறுவனம், ராமன் ஆராய்ச்சி நிறுவனம், ஐஐஎஸ்சி என்று மூன்று நல்ல இடங்கள் இருப்பது உங்கள் மகளுக்கு வசதி. பிஎச்டிக்குக் கட்டணம் கட்டிப் படிப்பது போல இருக்காது, உதவித்தொகை வரும். 2023 முதல் இளநிலை ஆராய்ச்சியாளருக்கு மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி.

கடினமான பகுதி அதற்குப் பிறகு. இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் போஸ்ட்டாக் என்ற தற்காலிக ஆராய்ச்சி வேலை, பெரும்பாலும் வெளிநாட்டில், ஒன்று முடிந்தால் இன்னொன்று. நிரந்தர வேலை குறைவு, போட்டி அதிகம். கல்யாணம், பெற்றோர் உடல்நிலை எல்லாம் சரியாக அந்த வயதில்தான் வந்து நிற்கும். வீட்டில் ‘எப்போது செட்டில் ஆவாய்’ என்று கேட்காமல் இருந்தாலே பெரிய உதவி அம்மா. அதே சமயம், இந்தப் படிப்பில் கற்ற புள்ளியியல், புரோகிராமிங், பட ஆய்வு எதுவும் வீண் போகாது. என்னோடு படித்தவர்களில் செயற்கைக்கோள் நிறுவனங்களுக்கும் டேட்டா சயின்ஸுக்கும் போய் நன்றாக இருப்பவர்கள் உண்டு. இப்போதைக்கு அவள் கணக்கை விடாமல் பிடித்துக்கொள்ளட்டும், பைத்தான் கொஞ்சம் பழகட்டும். விடுமுறையில் கவலூருக்கு ஒருமுறை கூட்டிப்போங்கள். சனிக்கிழமைகளில் பார்வையாளர்களை அனுமதிப்பார்கள், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெயர் வேண்டாம் என்ற ஆராய்ச்சி மாணவி: பெரிய தொலைநோக்கிகளில் நேரம் கேட்டு விண்ணப்பித்தால் பெயரையும் நாட்டையும் பார்த்துத்தான் கொடுப்பார்களா?

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஹபிளுக்கு 2018இலிருந்து பெயரை மறைத்து மதிப்பிடுகிறார்கள். மதிப்பிடுபவருக்கு நீங்கள் யார் என்று தெரியாது, உங்களுக்கும் அவரைத் தெரியாது. அந்த முதல் சுற்றிலேயே பெண்கள் தலைமையிலான விண்ணப்பங்களின் வெற்றி விகிதம் ஆண்களுடையதைத் தாண்டியது: 8.7 சதவீதம், ஆண்களுக்கு 8. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியிலும் இதே முறைதான். ஆனால் நெரிசலைப் பாருங்கள், நான்காம் சுற்றுக்கு 2,377 விண்ணப்பங்கள், சுமார் ஒன்பது மணி நேரம் கேட்டால் ஒரு மணி நேரம்தான் இருந்தது. நிராகரிப்பு வந்தால் மனதைத் தளர விடாதீர்கள். மதிப்பீட்டாளர் எழுதிய குறையை ஒரு வாரம் கழித்து மறுபடி படியுங்கள்.

ஒரு யோசனை: ‘இந்தக் கேலக்ஸி அழகானது, முக்கியமானது’ என்று தொடங்காதீர்கள். எத்தனை ஃபோட்டான் வேண்டும், ஏன் அத்தனை, அதைவிடக் குறைந்தால் எந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது என்று எழுதுங்கள். கருவியைத் தெரிந்தவர் எழுதியது என்பது அந்த ஒரு பத்தியிலேயே தெரிந்துவிடும்.

கே.ஆர்.புரம் வாசகர்: ஜேம்ஸ் வெப் பெருவெடிப்புக் கொள்கையையே பொய்யாக்கிவிட்டதாமே?

இல்லை. எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே பிரகாசமான கேலக்ஸிகள் உருவாகியிருக்கின்றன, அவ்வளவுதான். 2024இல் அறிவித்த ஜேட்ஸ்-ஜிஎஸ்-இஸட்14-0 என்ற கேலக்ஸியின் ஒளி, பெருவெடிப்புக்குப் பின் 30 கோடி ஆண்டுகூட ஆகாத காலத்தில் கிளம்பியது. புனேயில் தேசிய வானொலி வானியற்பியல் மையத்தைச் சேர்ந்த ராஷி ஜெயினும் யோகேஷ் வாடதேகரும் அதே வெப் தரவிலிருந்து அலக்நந்தா என்ற சுருள் கேலக்ஸியைக் கண்டெடுத்தார்கள். பெருவெடிப்புக்குச் சுமார் 150 கோடி ஆண்டுக்குப் பின் அப்படி அழகான இரண்டு கரங்களோடு ஒன்று இருந்திருக்கிறது! நட்சத்திரங்கள் எவ்வளவு வேகமாகப் பிறக்கின்றன, வாயு எப்படித் தட்டாகச் சுழன்று அடங்குகிறது என்ற எங்கள் கணக்குகளைத்தான் திருத்த வேண்டியிருக்கிறது.

மல்லேஸ்வரம்: மாடியிலிருந்து ஏதாவது கேலக்ஸி தெரியுமா?

நவம்பர், டிசம்பரில் மேகமில்லாத இரவில் பைனாகுலர் இருந்தால் ஆண்ட்ரோமெடாவை முயலலாம். 25 லட்சம் ஒளியாண்டு தூரம். நகர வெளிச்சத்தில் மங்கலாகத்தான் தெரியும். ஜவ்வாது மலைப் பக்கம் போனால் வெறுங்கண்ணுக்கே தெரியும்.

ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை பார்ப்பவர்: நான் வானியல் படிக்கவில்லை. இந்தத் தரவை நான் தொட முடியுமா?

தாராளமாக. குறிப்பிட்ட காலம் கழித்து அஸ்ட்ரோசாட் தரவு பொதுவாகிவிடும். பெங்களூரை ஒட்டிய பையலாலுவில் இருக்கும் இஸ்ரோவின் தரவு மையத்துத் தளத்தில் பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம். ஹபிள், வெப் தரவும் அப்படியே கிடைக்கிறது. டிஎஸ்9 என்ற இலவச மென்பொருளில் படத்தைத் திறங்கள், ஆஸ்ட்ரோபை நூலகத்தைப் பைத்தானில் நிறுவுங்கள். யூவிஐடியில் முதலில் தொலைபுறஊதா (குறைந்த அலைநீளப் புறஊதா) படத்தையே எடுங்கள், ஏனென்றால் அண்மைப்புறஊதாப் பிரிவு (கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஒட்டியது) 2018இல் செயலிழந்துவிட்டது, அதற்குப் பிந்தைய தரவில் அதைத் தேடிக் களைத்துப் போகாதீர்கள். படத்தைத் திறந்ததும் வெறும் கறுப்பாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அளவுகோலை லாக் முறைக்கு மாற்றுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் ஃபைலின் ஹெடரை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.