நிதிக் குற்றங்களைத் தடுக்கும் துறைகள் எல்லாம் ஒரே முறையில் தகவல் பரிமாறிக்கொண்டால் சாமானியருக்கு என்ன லாபம்?

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால், ஒன்று, நீங்கள் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள். இல்லையென்றால் என்னைப் போல எங்கேயோ மாட்டியிருக்கிறீர்கள்.

தேர்வுக்கு என்றால்: சந்தேகமான பரிவர்த்தனைகளையும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ரொக்கத்தையும் வங்கிகள் டெல்லியிலுள்ள நிதி நுண்ணறிவுப் பிரிவுக்குக் குறிப்பிட்ட வடிவத்தில் அனுப்ப வேண்டும். அங்கிருந்து அமலாக்கத் துறை, சுங்கத் துறை என்று தகவல் போகும். பல நாடுகளின் இத்தகைய பிரிவுகள் தகவல் பகிர்ந்துகொள்ளும் எக்மாண்ட் குழுவில் அந்தப் பிரிவு 2007-இல் சேர்ந்தது, இலங்கையின் பிரிவு 2009-இல். ஆக டெல்லியும் கொழும்பும் பேசிக்கொள்ள வழி இருக்கிறது.

வேறொரு மாநிலத்துக் காவல் நிலையமும் எங்கள் வங்கிக் கிளையும் பேசிக்கொள்ளத்தான் வழியைக் காணோம். எனக்குப் பாம்பனில் கருவாட்டு வியாபாரம். சுற்றுலா வந்த யாரோ நெத்திலி வாங்கிவிட்டு க்யூஆரில் போட்ட சின்னத் தொகை, ஏமாற்றிப் பறித்த பணமாம். இழந்தவர் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் புகார் சொல்ல, என் கணக்கு முழுவதும் முடக்கம். அந்தத் தொகையை மட்டும் நிறுத்தி வைத்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். சரக்கு போட்ட படகுக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது?

பில், ஆதார், ஸ்டேட்மென்ட் எல்லாம் அனுப்பி, அந்த ஊர் சைபர் கிரைமிலிருந்து விடுவிப்புக் கடிதமும் வாங்கினேன். அவர்கள் மொழியில் இருந்தது, புகார் எண் இல்லை. "எங்க ஃபார்மேட்ல இல்லையே சார்" என்றார்கள் வங்கியில். முடக்குவதற்கு ஒரே பாதை போட்டவர்கள் விடுவிப்பதற்கு அப்போது போட்டிருக்கவில்லை. அதையும் சேர்த்துப் போட்டால் அதுதான் சாமானியருக்கு லாபம்.

"தங்கம் கடத்துற ஊர்க்காரன் இப்படித்தான் பேசுவான்" என்று சிலர் நினைப்பீர்கள். எங்களுக்கு அருகே வேதாளை, மண்டபம் பக்கம் கடத்தல் தங்கமும் கடல் அட்டையும் பிடிபடுவது உண்மைதான். பிடிக்கட்டும். 1930-ஐயும் நான் குறை சொல்லவில்லை, வேகமாக நிறுத்தினால்தான் பணம் தப்பும்.

   

சரி, உங்கள் கணக்கும் முடங்கியிருந்தால், புகாரின் எண்ணையும் எந்தக் காவல் நிலையம் என்பதையும் வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள். விடுவிப்புக் கடிதத்தில் அந்த எண், உங்கள் கணக்கு எண், தொகை மூன்றும் இருக்க வேண்டும் என்று கேளுங்கள், முடிந்தால் ஆங்கிலத்தில். எனக்கு அடுத்து வந்த கடிதம் அப்படி வந்ததால்தான் எடுத்துக்கொண்டார்கள்.