காந்தாரம் இல்லாத கார்டு: இசை கேள்வி பதில்

கேள்வி: வேகமான ராக் பாட்டு ஒன்றை போசா நோவா என்ற மென்மையான பிரேசில் பாணியில் நைலான் கிட்டாரில் வாசிக்கிறோம். தாளம் சரியாகவே வருகிறது. ஆனாலும் பழைய பாட்டையே சத்தம் குறைத்து வாசிப்பதுபோல் இருக்கிறதே, ஏன்?
- வாசகர், மதுரை

பதில்: கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளை, அப்படியே வைத்திருப்பீர்கள். ராக் கிட்டாரின் பவர் கார்டில் ச, ப இரண்டுதான், மூன்றாம் சுரமான காந்தாரம் கிடையாது. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனோடு காந்தாரமும் சேர்ந்தால் ஒலி கலங்கிவிடும் என்பதால் அதை விட்டுவிடுகிறார்கள். அதே இரண்டு சுரத்தை நைலான் கம்பியில் மீட்டினால் வெறுமையாகத்தான் கேட்கும். போசா நோவாவுக்கு நாலைந்து சுரம் உள்ள கார்டு வேண்டும்.

எதைச் சேர்ப்பது என்பதை மெட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நிறைய ராக் மெட்டுகள் சுத்த தன்யாசி ராகத்தின் ஐந்து சுரங்களிலேயே ஓடுகின்றன. மேற்கத்தியப் பெயரில் 'இ' (E) என்ற சுரம் சட்ஜம், கார்டுகள் இ, ஜி, ஏ என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டை இ மைனர் 7, ஜி 6 ஆக்கலாம். அவற்றுக்கு வேண்டிய சுரம் எல்லாம் மெட்டிலேயே இருக்கிறது. ஏ கார்டில்தான் யோசிக்க வேண்டும். அதன் மூன்றாம் சுரம் இந்தப் பாட்டுக்குத் தைவதம். சுத்த தன்யாசியில் தைவதமே இல்லை. சதுஸ்ருதி தைவதம், அதாவது சி ஷார்ப், போட்டால் அது ஏ 7. பாட்டில் வெளிச்சம் வரும். சுத்த தைவதமான சி போட்டால் ஏ மைனர் 7, சோகம் இறங்கும். இரண்டையும் பதிவு செய்து கேளுங்கள். வரிகளின் பொருளுக்கு எது ஒத்துப்போகிறதோ அதை வையுங்கள். பாட்டின் நிறத்தையே மாற்றும் முடிவு இது, அவசரம் வேண்டாம்.

தாளத்தில் ஒன்றைச் சரிபாருங்கள். இரண்டாவது, நாலாவது தட்டில் விழும் ராக் ஸ்னேர் டிரம் அடி இன்னும் இருக்கிறதா? இருந்தால் மேலே என்ன வாசித்தாலும் ராக்தான். அதை எடுத்துவிட்டு, குச்சியை ஸ்னேர் மேல் படுக்கவைத்து விளிம்பில் தட்டும்படி டிரம் வாசிப்பவரிடம் சொல்லுங்கள். நாலு தட்டு கொண்ட சுற்று ஒரு பார்; இரண்டு பாருக்கு 16 அரைத்தட்டுகள். அவை 3, 3, 4, 3, 3 என்று பிரியும். 'தகிட தகிட தகதிமி தகிட தகிட' என்று சொல்லி ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் தட்டினால் போதும். கிட்டாரில் கட்டைவிரல் மீட்டும் பாஸ், அதாவது கீழ்ச்சுரம், முதல், மூன்றாம் தட்டில் விழட்டும். வேகம் நிமிடத்துக்கு 120 முதல் 135 தட்டு.

சுருதியையும் ஒன்றரை, இரண்டு கட்டை இறக்குங்கள். ராக் பாடகர்கள் உச்சத்தில் அழுத்திப் பாடுவார்கள். அதே சுருதியில் மென்மையாகப் பாட முயன்றால் குரல் நடுங்கும்.

கேள்வி: மெட்டல் (கனத்த ராக்) பாட்டுக்கு, வயலினைவிடப் பெரிய வில் வாத்தியமான செல்லோ மட்டும் போதுமா?
- வாசகர், கோவை

பதில்: போதும். ஹெல்சிங்கியில் 1993இல் தொடங்கிய அபோகாலிப்டிகா குழு, 1996இல் தன் முதல் ஆல்பத்தையே மெட்டாலிகா என்ற மெட்டல் குழுவின் பாடல்களை நாலு செல்லோவில் வாசித்துதான் வெளியிட்டது. செல்லோவின் கம்பிகள் சி, ஜி, டி, ஏ. பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் ச-ப உறவில் இருப்பதால் ஒரே விரலை இரண்டின் மேல் படுக்கவைத்தால் பவர் கார்டு கிடைத்துவிடும். அடிக்கம்பி சுமார் 65 ஹெர்ட்ஸ். கிட்டாரின் அடிக்கம்பியோ சுமார் 82. ஆகவே கீழ் ஸ்தாயியில் குறை வராது. கரகரப்பு வேண்டுமானால் வில்லை, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் நகர்த்தி அழுத்துங்கள். நாலு பேரும் கீழேயே வாசித்தால் மெட்டு மூழ்கிப்போகும்; ஒருவர் ஏ கம்பியிலேயே இருக்கட்டும்.

நம் கர்நாடக வயலினிலும் இது நடக்கும், சிறு வேறுபாட்டோடு. கம்பிகள் ச-ப-ச-ப என்பதால் நடு இரண்டு கம்பிகளில் ஐந்தாம் சுரத்துக்குப் பதில் நாலாம் சுர இடைவெளி வரும்.

கேள்வி: இந்தியாவில் பிறர் பாட்டை இப்படிப் பாணி மாற்றிப் பதிவு செய்து வெளியிட அனுமதி வேண்டுமா?
- வாசகர், திருச்சி

பதில்: வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு கவர் பதிவுக்கு, அதாவது வெளிவந்த பாட்டை வேறொருவர் மீண்டும் பதிவு செய்வதற்கு, வழி தருகிறது. முதல் ஒலிப்பதிவு உருவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும். பொதுவாக ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியும் உண்டு. ஆனால் உரிமையாளர் முன்பே ஒப்புக்கொள்ளாத, பதிவு செய்யத் தொழில்நுட்பரீதியாகத் தேவைப்படாத மாற்றம் எதையும் அந்தப் பிரிவு அனுமதிக்காது. பாணியையே மாற்றுபவர்கள் அதை நம்பி இறங்காமல், பாட்டின் உரிமை வைத்திருக்கும் பதிப்பாளரிடம் நேரடியாக எழுத்தில் அனுமதி வாங்குவதே பாதுகாப்பு. காணொளியாக வெளியிடுவதானால் அதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.