பிரசங்கத்தில் ‘கெத்து’, ‘மாஸ்’ வரலாமா?

கேள்வி: எங்கள் சபை உதவி ஊழியர் வாலிபர் கூட்டத்தில் ‘செம’, ‘கெத்து’, ‘மாஸ்’ என்றே பேசுகிறார். பிள்ளைகள் ரசிக்கிறார்கள், பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். இது சரியா, ஐயா?

பதில்: பேச்சுத்தமிழில் பிரசங்கிப்பது தவறே இல்லை. தெளிவாகப் பேசாவிட்டால் ஆகாயத்தில் பேசுகிறவர்களாவோம் என்று பவுலே எச்சரிக்கிறார் (1 கொரிந்தியர் 14:9). ‘செம’ என்பதால் யாருக்கும் கேடில்லை. ஆனால் ‘இயேசு கெத்து காட்டினார்’ என்று சொல்லிவிட்டு, அவர் அடிமையின் ரூபமெடுத்தார் என்ற பிலிப்பியர் 2:7-ஐ வாசித்தால் கேட்பவர் மனதில் எது நிற்கும்? வீறாப்புதான். சிலுவையின் தாழ்மை அங்கேயே அடிபட்டுப்போகிறது.

இரட்டை அர்த்தச் சொற்களும் ஒருவரை மட்டம் தட்டும் கிண்டலும் எந்தக் கூட்டத்திலும் கூடாது (எபேசியர் 5:4). ஜெபம், திருவிருந்து, அடக்க ஆராதனை ஆகியவற்றில் கொச்சைச் சொல்லே வேண்டாம். வாலிபர் கூட்டத்தில் உதாரணம் சொல்லும்போது ஓரிரண்டு வரலாம். வசனத்தை விளக்கும் வாக்கியத்தில் வேண்டாம்.

உங்கள் ஊழியரிடம் தனியாக, அன்பாகச் சொல்லுங்கள். குறிப்பை முன்கூட்டியே எழுதி, சபை மூப்பர் ஒருவரிடமும் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவரிடமும் வாசித்துக் காட்டட்டும். இருவருக்கும் ஒரே பொருள் தராத சொல்லை அடித்துவிடட்டும்.