கெர்லேடான் ஏரியும் நாந்த்–பிரெஸ்த் கால்வாயும்: சைக்கிள் பயணக் கேள்வி பதில்

பிரான்சின் வடமேற்கு மூலையில் இருக்கும் பிரித்தானியில், நாந்த் நகரையும் பிரெஸ்த் துறைமுகத்தையும் இணைக்க வெட்டிய கால்வாயின் நீளம் 364 கிலோமீட்டர். நடுவழியில் பொந்திவி ஊருக்கு வடமேற்கே கெர்லேடான் ஏரி. இந்த வழியில் கார் பயமில்லாமல் சைக்கிளில் போவது பற்றி வந்த கேள்விகளைச் சுருக்கித் தந்து பதில் எழுதுகிறேன்.

சென்னை வாசகர்: ஏரியை முழுச் சுற்றுச் சுற்றலாமா? சுற்று முழுவதும் கார் வராதா?

வடகரையில் வராது. தென்கரையில் வரும். எல்லோரும் தவறாக நினைப்பது இந்த இடத்தைத்தான்.

வடகரையில் முன்பு மீட்டர் கேஜ் ரயில் ஓடியது. 1967-ல் அந்த ரயிலை நிறுத்தினார்கள். பிறகு அந்தத் தடமே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் குதிரைக்குமான பாதையானது. மோட்டார் வண்டிக்கு அனுமதி இல்லை. ரயில் போன தடம் என்பதால் ஏற்றம் மிக மெதுவாக வரும், குழந்தைகளும் மிதித்துவிடலாம். முர்-தெ-பிரத்தாஞ் ஊரிலிருந்து குவாரெக் வரை போய் அதே வழியில் திரும்பினால் ஒரு நாள் நிறைவாகப் போகும். வழியில் போன் ரெப்போ மடத்தில் இறங்குங்கள். 12-ஆம் நூற்றாண்டில் துறவிகளுக்காக நிறுவியது, கால்வாய் அதன் வாசலிலேயே ஓடுகிறது.

தென்கரை கெனெகான் காடு. அங்கே இருப்பது நடப்பவர்களுக்கான கரடுமுரடான ஒற்றையடிப் பாதை, இல்லையென்றால் செங்குத்தான சாலை. பெட்டி படுக்கை கட்டிய சைக்கிளோடு அங்கே போகாதீர்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வண்டி வராத பாதையில் கடையும் வராது. ரொட்டி, பழம், தண்ணீர் எல்லாவற்றையும் பகல் 12 மணிக்குள் ஊருக்குள் போய் வாங்கிவிடுங்கள். சிற்றூர்க் கடைகள் மதியம் மூடிவிடும். திங்கட்கிழமை ரொட்டிக்கடையே திறக்காத ஊர்கள் உண்டு.

பாரிஸ், லா சப்பலிலிருந்து: அண்ணை, சைக்கிளோட ரயில்ல எப்பிடிப் போறது? பத்து வயசு மகனும் வாறான்.

மொன்பர்னாஸ் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறி கேங்காம் வரை போங்கள். அங்கிருந்து கரே ஊருக்குச் சின்ன ரயில் ஒன்று போகிறது. பழைய மீட்டர் கேஜ் வலைப்பின்னலில் இன்றும் உயிரோடு இருக்கும் கிளைகளில் இது ஒன்று, 1967-ல் அகலப்படுத்திக் காப்பாற்றியிருக்கிறார்கள். கரேயில் இறங்கிக் கிழக்கே மிதித்து, ரெதோன் நிலையத்தில் ரயில் ஏறிப் பாரிஸ் திரும்பலாம். பொந்திவியில் இறங்கலாம் என்று திட்டம் போடாதீர்கள், அங்கே வழக்கமான பயணிகள் ரயில் இல்லை.

அதிவேக ரயிலில் சைக்கிளுக்குத் தனி இடம் முன்பதிவு செய்ய வேண்டும், அது சீக்கிரம் தீர்ந்துவிடும். மகனுக்கு ஹெல்மெட் கட்டாயம். 2017 முதல் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு அது சட்டம். அவனுக்கு நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் போதும். சாப்பாட்டைப் பையில் வையுங்கள், பசித்த பிள்ளையோடு கால்வாய்க் கரையில் கடை தேடி அலைய முடியாது.

டொரன்டோ: கால்வாய் என்றால் எல்லாம் சமதளம்தானே?

இரண்டு நீர்ப்பூட்டுகளுக்கு (படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகளுக்கு) நடுவே சமதளம். ஒவ்வொரு நீர்ப்பூட்டிலும் படகு ஒரு படி ஏறும் அல்லது இறங்கும், கரைப்பாதையும் கூடவே ஏறி இறங்கும். இந்தக் கால்வாயில் அப்படி இருநூற்றுக்கும் மேற்பட்ட பூட்டுகள். மூன்று இடங்களில் அது மலைமுதுகைத் தாண்டுகிறது. அவற்றில் உயரமானது குளோமெல், கடல்மட்டத்திலிருந்து சுமார் 184 மீட்டர். அங்கே மலையைப் பிளந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளமான அகழி ஒன்று வெட்டினார்கள். 1823 முதல் 1832 வரை அதைத் தோண்டியவர்கள் தண்டனைக் கைதிகள். மண்வெட்டியும் கூடையும் தள்ளுவண்டியும்தான் அவர்களுக்குக் கருவி. இன்று இருபுறமும் மரங்கள் அடர்ந்து குளிர்ச்சியாக இருக்கும் அந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடாதீர்கள். எத்தனை பேருடைய முதுகு அங்கே ஒடிந்திருக்கும்!

பொந்திவிக்குக் கிழக்கே இல்வெர்ன் முகடு. அதற்குத் தண்ணீர் கொண்டுவர 60 கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். ரோஆன் ஊரைத் தாண்டினால் ஜோஸ்லான் கோட்டை வழியாக ரெதோன் வரை கால்வாய் உங்களோடு மெல்ல இறங்கிக்கொண்டே வரும்.

லண்டன்: 25 மில்லிமீட்டர் டயர் போதுமா?

போதாது. மணலும் பொடிக்கல்லும் இறுக்கிய பாதை, மழை பெய்தால் உள்ளே இழுக்கும். 35-க்குக் குறையாமல் போடுங்கள்.

மதுரை: விசா எவ்வளவு நாளில் கிடைக்கும்?

தூதரக இணையதளத்தைப் பாருங்கள். இது என் துறை இல்லை.

சிங்கப்பூர்: சைவம் கிடைக்குமா?

கிடைக்கும். பக்வீட் என்னும் கருநிறத் தானிய மாவில் சுடும் 'கலெத்' இந்த மண்ணின் உணவு. பன்றி இறைச்சி வேண்டாம், முட்டையும் சீஸும் போதும் என்று கேளுங்கள். முட்டையும் ஆகாதென்றால் காளானும் வெங்காயமும் கேட்கலாம். ஆனால் சமையலறை இரண்டு மணிக்கு மூடிவிடும், அதற்கு முன்பே போய் உட்காருங்கள்.

பெங்களூரு: டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் வரும் முர் ஏற்றம் இதே ஊர்தானே? ஏறலாமா?

இதே ஊர்தான். சுமார் 2 கிலோமீட்டர், சராசரி 6.9 சதவீதம். 2021-ல் வான் டெர் போல் அங்கே வென்று, பந்தயத்தில் முன்னணியில் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்சி அணிந்தார், 2025-ல் பொகாச்சர் வென்றார். அது கார் ஓடும் சாலை, அதனால் இங்கே விரிவாக எழுதவில்லை.

கோவை, மின்துறைப் பொறியாளர்: முன்பு ஒரு குறிப்பில் கெர்லேடான் அணை கால்வாயைக் கொன்றது என்று எழுதினீர்கள். அது நியாயமா? ரயில் வந்தபோதே சரக்குப் போக்குவரத்து செத்துவிட்டது. அணை மின்சாரம் தந்தது.

ஐயா, ரயில் கால்வாயை நோயாளியாக்கியது, அதை மறுக்கவில்லை. ஆனால் 1923 முதல் 1930 வரை எழுப்பிய அந்த 45 மீட்டர் அணை 17 பூட்டுகளைத் தண்ணீருக்குள் தள்ளியது. படகைத் தூக்கி இறக்க எந்த ஏற்பாடும் செய்யவில்லை. கால்வாய் இரண்டு துண்டானது. ஆங்கிலேயக் கடற்படை கரையை மறித்தாலும் பிரெஸ்துக்குச் சரக்குப் போக வேண்டும் என்று நெப்போலியன் காலத்தில் தொடங்கி, 1842 வரை வெட்டிய நீர்வழி அது. நோயாளி என்பதற்காக நடுவில் வெட்டலாமா?

அதே பொறியாளர்: வெட்டாமல் விட்டிருந்தால் இன்று ஏரியும் இல்லை, நீங்கள் கூப்பிடும் பயணிகளும் இல்லை.

ஏரி அழகுதான். ஆனால் பயணிகள் ஏரிக்காக மட்டும் வருகிறார்கள் என்பதை ஏற்கமாட்டேன். 2015-ல் அணையைச் சோதிக்க ஏரியை வடித்தபோது, அடியில் பழைய கால்வாய்த் தடமும் பூட்டுகளும் பூட்டுக் காவலர் வீட்டுச் சுவர்களும் வெளியே வந்தன. அவற்றைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். தண்ணீர் இல்லாத ஏரியைப் பார்க்க வந்த கூட்டம் அது.

நாந்த் வாசகி: இருவரும் ரயிலை மறந்துவிட்டீர்கள். அணையைத் தாண்ட நமக்குக் கிடைத்ததே ரயில் தடம்தானே?

சரியாகச் சொன்னீர்கள். கால்வாயின் சரக்கைப் பறித்த ரயிலும் போய்விட்டது. அணை மூழ்கடித்த கரைப்பாதைக்குப் பதிலாக இன்று நம்மை வடகரையில் கொண்டுபோவது அந்த ரயிலின் தடம். பொறியாளர் ஐயா மின்சாரத்தைப் பற்றிச் சொல்வதையும் நான் தள்ளவில்லை. படகுக்கு ஒரு வழி விட்டிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம், அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

துபாய்: ரோடு சைக்கிளின் மெல்லிய டயரில்...

லண்டன் வாசகருக்குச் சொன்ன பதில்தான். 35.

யாழ்ப்பாணம்: எந்த மாதம் நல்லது?

மே, ஜூன், செப்டம்பர். கோடையிலும் மழைச்சட்டை வேண்டும், அட்லாண்டிக் மேகம் சொல்லிவிட்டு வருவதில்லை. செப்டம்பரிலிருந்து வேட்டைக் காலம் தொடங்கும், காட்டோரம் போகும்போது பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள். புல்லில் உட்கார்ந்து எழுந்தால் காலில் உண்ணி இருக்கிறதா என்று மாலையில் பாருங்கள், லைம் நோய் அதனால் பரவும். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு எந்தக் கடையையும் நம்ப வேண்டாம், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள்.