எம்மேப்: கேட்டவையும் என் பதில்களும்

(எம்மேப், mmap: ஒரு ஃபைலை நினைவக முகவரிகளோடு இணைத்து, நினைவகத்தைப் போலவே அணுக விடும் சிஸ்டம் கால்.)

கேள்வி: ராம் 8 ஜிபிதான். 20 ஜிபி லாக் ஃபைலை எம்மேப் செய்தேன், கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. எப்படி?

பதில்: அந்த நேரத்தில் ஃபைலின் உள்ளடக்கம் எதுவும் படிக்கப்படவில்லை. ‘இந்த முகவரிகள் இந்த ஃபைலுக்கு’ என்று கெர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) குறித்துக்கொண்டது, அவ்வளவுதான். நீங்கள் ஒரு முகவரியை முதலில் தொடும்போது பேஜ் டேபிளில் (எந்த முகவரி ராமில் எங்கே என்ற பட்டியல்) பதிவு இருக்காது. பிராசஸர் கெர்னலிடம் போய் நிற்கும். இதுதான் பேஜ் ஃபால்ட். அந்தப் பக்கம் (நினைவகத்தின் ஒரு துண்டு, எக்ஸ்86 பிராசஸர்களில் வழக்கமாக 4096 பைட்) பேஜ் கேஷில், அதாவது ஃபைல் பக்கங்களைக் கெர்னல் ராமில் வைத்திருக்கும் இடத்தில், இருந்தால் டேபிளில் கோத்துவிட்டால் போதும்: மைனர் ஃபால்ட். இல்லாவிட்டால் டிஸ்க்கிலிருந்து வரும்வரை உங்கள் திரெட் காத்துக் கிடக்கும்: மேஜர் ஃபால்ட். ராம் நெருக்கடி வந்தால், மாற்றப்படாத பக்கங்களைக் கெர்னல் தயங்காமல் விட்டுவிடும், ஃபைலில்தான் இருக்கிறதே.

லாக் ஃபைல் என்பதால் ஒன்று சொல்கிறேன். லாக்ரொடேட்டில் (பழைய லாக்கை ஒதுக்கிவைக்கும் கருவி) காப்பிட்ரங்கேட் (நகலெடுத்துவிட்டு அதே ஃபைலைக் காலியாக்கும் வழி) போட்டிருந்தால், நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே ஃபைல் பூஜ்யமாகிவிடும். அதன் பிறகு தொட்டால் சிக்பஸ் (SIGBUS, கெர்னல் அனுப்பும் பிழை சிக்னல்), புரோகிராம் காலி. மேப் செய்த ஃபைலை யாரும் சுருக்கக் கூடாது.

கேள்வி: ரீடைவிட எம்மேப் எப்போதும் வேகம்தானே?

பதில்: இல்லை. ரீட் (read) ஃபைலை உங்கள் பஃபருக்குப் படித்துத் தரும் வழக்கமான சிஸ்டம் கால்; அதில் நகலெடுக்கும் செலவு, இங்கே ஃபால்ட் செலவு. தலையிலிருந்து வால்வரை ஒரே தடவை படிக்க ரீடே போதும்.

கேள்வி: ராமைவிடப் பெரிய ஃபைலை மேப் செய்யலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: டேட்டாபேஸுக்கு எம்மேப் ஆகாது என்கிறார்களே, எல்எம்டிபி அதில்தானே ஓடுகிறது?

பதில்: எல்எம்டிபி (LMDB, எம்மேப்பில் ஓடும் ஒரு சிறிய டேட்டாபேஸ்) இயல்பாக மேப்பைப் படிக்க மட்டுமே வைத்திருக்கிறது; எழுதுவது தனி சிஸ்டம் கால் வழியாக. அதுவும் ஒரு நேரத்தில் ஒரே ரைட்டர், பழைய பக்கத்தின் மேல் எழுதாமல் புதிய பக்கத்தில். மேப் வழியாகவே எழுதினால்தான் சிக்கல்: மாறிய பக்கத்தைக் கெர்னல் எப்போது வேண்டுமானாலும் டிஸ்க்குக்கு அனுப்பும், உங்கள் கமிட்டுக்குக் (மாற்றத்தை உறுதிசெய்யும் கட்டம்) காத்திருக்காது. மாங்கோடிபியும் எம்மேப்பில்தான் இருந்தது, 2015-இல் 3.2 பதிப்பில் வயர்டைகர் என்ற வேறு ஸ்டோரேஜ் எஞ்சினை இயல்பாக்கியது, 4.2-இல் பழையதை நீக்கியே விட்டது.

கேள்வி: எம்லாக் போட்டுவிட்டால் அந்தப் பக்கம் டிஸ்க்குக்குப் போகாதே?

பதில்: போகும்! எம்லாக் பக்கத்தை ராமில் பிடித்துவைக்கும். டிஸ்க்கில் எழுதப்படுவதைத் தடுக்காது. இதை நம்பி டேட்டாபேஸ் எழுதாதீர்கள்.

கேள்வி: ஷேர்டு மேப்பில் (எழுதுவது ஃபைலுக்கே போகும் வகை) எழுதினேன், கரண்ட் போனதும் டேட்டாவைக் காணோம்.

பதில்: எம்சிங்க் (மாறிய பக்கங்களை டிஸ்க்கில் எழுதவைக்கும் சிஸ்டம் கால்) அழைத்தீர்களா? அழைத்தால் அது திருப்பித் தரும் மதிப்பையும் பாருங்கள்.

கேள்வி: காலி ஃபைலை 1 எம்பிக்கு மேப் செய்து எழுதினேன், சிக்பஸ் வருகிறது.

பதில்: மறுபடியும் அதேதான். ஃபைல் முடிவைத் தாண்டிய பக்கத்தைத் தொடுகிறீர்கள். மேப் செய்வதால் ஃபைல் வளராது. முதலில் எஃப்ட்ரங்கேட்டால் 1 எம்பிக்கு நீட்டுங்கள், அப்புறம் எழுதுங்கள்.