அழுகும் எச்செவேரியா

கேள்வி: நர்சரியில் வாங்கி வந்த எச்செவேரியா (சதைப்பற்றுள்ள தடித்த இலைகள் ரோஜாப்பூபோல் அடுக்கியிருக்கும் அழகுச் செடி) செடிக்கு நாள்தோறும் தண்ணீர் ஊற்றுகிறேன். அடியிலைகள் மஞ்சளாகி, தொட்டாலே உதிர்ந்துவிடுகின்றன. செடியைக் காப்பாற்ற முடியுமா?
– வாசகி, சென்னை

பதில்: முடியும், முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். தாகத்தால் வாடும் இலை மெலிந்து சுருக்கம் விழுந்திருக்கும். தண்ணீர் மிகுந்தால் இலை ஊதி, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிந்து, தொட்டதும் கழன்றுவிடும். உங்கள் செடிக்கு இரண்டாவது சிக்கல்தான்.

செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, கறுத்துக் குழைந்த வேர்களை நறுக்கிவிடுங்கள். தண்டும் கறுத்திருந்தால், வெட்டுமுகத்தில் கறை சிறிதுமின்றி வெளிர்பச்சை தெரியும்வரை சுத்தமான கத்தியால் மேல்நோக்கிச் சீவி, அந்தக் காயம் காய்ந்து இறுகுவதற்கு நான்கைந்து நாள் நிழலில் வைத்த பிறகே நடவேண்டும். பெரும்பாலான நர்சரிகள் செடியைத் தென்னை நார்க்கழிவில் வைத்துத் தருகின்றன. அது ஈரத்தை நெடுநேரம் பிடித்துவைப்பதால், ஒரு பங்கு செம்மண்ணுக்கு இரண்டு பங்கு பருமணலோ பெர்லைட்டோ (எடை குறைந்த வெண்ணிற எரிமலைக்கல் துகள்) கலந்து, அடியில் துளையுள்ள மண்தொட்டியில் நடுங்கள்.

இனி நாள்கணக்குப் பார்த்து ஊற்றாதீர்கள். ஈர்க்குச்சியை அடிவரை செருகி எடுத்து, மண் ஒட்டாமல் வந்தால் மட்டும், துளைவழியே வடியும் அளவுக்கு ஊற்றுங்கள். எச்செவேரியாவின் பல இனங்கள் மெக்சிகோவின் மேட்டுநிலங்களைச் சேர்ந்தவை. குளிர்ந்த இரவுகளுக்குப் பழகிய அவற்றுக்குச் சென்னையின் புழுக்கம் உண்மையிலேயே சோதனைதான். அதனுடன் மழை ஈரமும் சேராதபடி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை படாத, வெளிச்சமுள்ள இடத்தில் வையுங்கள். அடுத்த செடியாகச் சோற்றுக்கற்றாழையை வாங்குங்கள். அது நம் வெயிலையும் புழுக்கத்தையும் நன்றாகவே தாங்கும்.