வீட்டில் பூனை இருக்கிறது, ஆமையும் வளர்க்கலாமா? மூடியைச் செய்துவிட்டு ஆமையை வாங்குங்கள்

வீட்டுக்குள்ள ஆமை வளர்க்க ஆசை, ஏற்கெனவே ஒரு பூனை இருக்கு, ரெண்டுக்கும் ஆபத்தில்லாம வச்சுக்க முடியுமான்னு கேட்டிருக்கீங்க. முடியும். என் வீட்டுல அப்படித்தான் இருக்குதுங்க ரெண்டும். "பூனை இருக்கிற வீட்டுல ஆமையா, பாவம்"னு உச்சு கொட்டுறவங்களைப் பார்த்தா எனக்கு எரிச்சல் வரும், அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

முதல்லயே சொல்லிடறேன், நான் கால்நடை டாக்டர் இல்லை. வேலூர் காட்பாடியில கண்ணாடிக் கடை வச்சிருக்கேன். ஜன்னல், ஷோகேஸ், அலுமினியம் பார்ட்டிஷன், அப்பப்போ மீன் தொட்டி. "நீ யாருய்யா ஆமையைப் பத்திப் பேச"ன்னு கேட்கிறவங்க தாராளமா கேளுங்க. ஆனா தொட்டியும் மூடியும் என் தொழில். இந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கதான் இருக்கு.

நீங்க அநேகமா வாடகை வீடு, ஒரு ஹால் ஒரு ரூம், பூனை எங்க வேணும்னாலும் ஏறும். ஆமை இன்னும் வாங்கலைன்னு வச்சுக்கிட்டுப் பேசறேன். எந்த ஆமைன்னு பார்த்து வாங்குங்க. நட்சத்திர ஆமை, ஏரியில கிடைக்கிற பாலாமை, இதெல்லாம் 1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கீழ வருது. வளர்த்தா ஜெயில். "எங்க ஊர் ஏரியில பிடிச்சதுதானே, நான் என்ன திருடினேனா"ன்னு சொல்றது எடுபடாது. கடையில சின்னப் பெட்டியில பச்சையா, கண்ணுக்குப் பின்னாடி சிவப்புக் கோடோட விக்கிறாங்களே, அது அமெரிக்காவுல மிசிசிப்பி ஆத்துப் பக்கத்து ஆமை. சிவப்புக் காது ஆமைன்னு சொல்வாங்க. என் வீட்டுல இருக்கிறது அதுதான்.

வாங்கும்போது ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெருசா இருக்கும். பொட்டையா இருந்தா பத்து அங்குலம், பன்னெண்டு அங்குலம்கூட வளரும். நல்லா வச்சுக்கிட்டா இருபது முப்பது வருஷம் இருக்கும். உங்க பூனையைவிட அதிக நாள் இருக்கப்போறது ஆமைதான்னு புரிஞ்சுக்கிட்டு வாங்குங்க. முடியலைன்னு கோட்டை அகழியிலயோ கோயில் குளத்துலயோ கொண்டுபோய் விட்டுடாதீங்க. உலகத்துல ரொம்பக் கெடுதல் பண்ற நூறு அந்நிய உயிரினங்கள்னு ஒரு பட்டியல் இருக்கு, அதுல இதுவும் ஒண்ணு. நம்ம ஊர் ஆமைக்குச் சாப்பாடும் இல்லாம, வெயில் காயக் கல்லும் இல்லாம பண்ணிடும்.

சரி, என் கதை. இந்த ஆமை என் தங்கச்சியோடது, சத்துவாச்சாரியில இருந்தாங்க. மாப்பிள்ளைக்குத் துபாய்ல வேலை கிடைச்சதும் ஃபிரிட்ஜ் ஒருத்தருக்கு, கட்டில் ஒருத்தருக்குன்னு பிரிச்சாங்க, எனக்கு ஆமை வந்துச்சு. பேரு மணி. பொட்டைன்னு அப்புறம்தான் தெரிஞ்சது, முன்னங்கால் நகம் குட்டையா இருந்தா பொட்டை, நீளமா இருந்தா ஆண். பேரை மாத்தலை.

மணியோட கூடவே வந்தது, மேல திறந்தபடி ஒரு தொட்டி, அது விளிம்புல கிளிப் போட்டு மாட்டின ஒரு லேம்ப். பூனை இல்லாத வீட்டுல அது போதும். எங்க வீட்டுல செவலைன்னு ஒரு பூனை இருக்கா. பீரோ மேல இருந்து ஜன்னல் கம்பிக்குத் தாவுறவ. அதனால மூடி தயாராகிற வரைக்கும் தொட்டியை உள் ரூம்ல வச்சுக் கதவைச் சாத்திட்டேன். பொண்டாட்டிக்குத் துணி எடுக்க அந்த ரூமுக்குத்தான் போகணும், தினமும் திட்டு வாங்கினேன். பரவாயில்லை.

எல்லாரும் நினைக்கிறது என்னன்னா, பூனை ஆமையைப் பிடிச்சுத் தின்னுடும்னு. செவலை ஓட்டைக் கடிக்கவே இல்லை. அவளுக்கு வேணும்னது அசையுற எதுவும். மணி பலகை மேல ஏறி, பின்னங்கால் ரெண்டையும் நீட்டி, விரலை விரிச்சுக்கிட்டு வெயில் காய்வா. அந்த விரல் லேசா ஆடும். செவலை கண்ணாடிக்கு வெளியில மூக்கை ஒட்டவச்சு, வால் நுனியை மட்டும் ஆட்டிக்கிட்டு, அந்த விரலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பா. அப்ப தொட்டி திறந்திருந்தா ஒரே இழுப்பு. காலு, வாலு, கண்ணு, இதுங்கதான் போகும். பூனை நகத்துலயும் பல்லுலயும் இருக்கிற கிருமி சின்னக் கீறல் வழியா உள்ள போனாலே ஆமைக்குச் சீழ் வச்சிடும். ஓடு இருக்கேன்னு தைரியமா இருக்க முடியாது.

ஆமையும் லேசுப்பட்டது இல்லை. தண்ணி மாத்த மூடியைத் தூக்கியிருந்தப்ப செவலை பக்கத்துல வந்து தண்ணியை ஒரு தட்டு தட்டினா. தீனி போடறாங்கன்னு நினைச்சு மணி பாதத்தைப் பிடிக்க வந்துச்சு பாருங்க, செவலை ஒரே தாவு, தையல் மிஷின் மேல. வாய்க்கு எட்டலை, தப்பிச்சா. அதுக்கப்புறம் அவ தண்ணிக்குள்ள கை விடறதே இல்லை.

ஆனா நிஜமான ஆபத்து இது ரெண்டும் இல்லை, லேம்ப்தான். ஆமைக்கு வெயில் காயுற இடம் முப்பது முப்பத்திரண்டு டிகிரி வேணும், அதுக்கு ஒரு சூட்டு லேம்ப். கூடவே வெயில்ல இருக்கிற புற ஊதா பி (UVB) கதிர் தர்ற லேம்ப் தனியா, பகல்ல பத்துப் பன்னெண்டு மணி நேரம். அது இல்லைன்னா உடம்புல வைட்டமின் டி3 சேராது, கால்சியம் பிடிக்காது, ஓடு அப்பளம் மாதிரி இளகிடும். இப்ப மார்கழிக் குளிரை நினைச்சுப் பாருங்க. வீட்டுலயே கதகதப்பான இடம் தொட்டி மூடிதான். பூனை எங்க போய்ப் படுக்கும்? கிளிப் லேம்ப் மேல நாலு கிலோ பூனை சாஞ்சா கிளிப் நழுவும். லேம்ப் தண்ணியில விழுந்தா கரண்ட், தரையில இருக்கிற துணியில விழுந்தா நெருப்பு.

அதனால நான் பண்ணினது: மூடிக்கு அலுமினியம் செக்‌ஷன்ல சட்டம், அரை அங்குல வெல்டட் மெஷ்னு சொல்ற கம்பி வலை, பின்னாடி கீல், முன்னாடி ரெண்டு கொண்டி. லேம்ப் ரெண்டும் தொட்டியைத் தொடவே தொடாது. சுவத்துல ஆங்கிள் அடிச்சு, அதுல இருந்து சங்கிலியில தொங்குது, அதைச் சுத்தி வலையிலயே ஒரு கூண்டு. வயர் சுவிட்சுக்கு நேரா போகக்கூடாது. கீழ ஒரு வளைவு தொங்கி அப்புறம் மேல ஏறணும், அப்பதான் வயர்ல வழியுற தண்ணி பிளக்குக்குள்ள போகாம வளைவுலயே சொட்டும். கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற எர்த் லீக்கேஜ் ட்ரிப்பர் இல்லாத வீட்டுல இந்த வேலையையே ஆரம்பிக்காதீங்க. பலகைக்கும் வலைக்கும் நடுவுல ஒரு சாணுக்குக் குறையாம விட்டிருக்கேன், வலை ஓட்டையில விரலை விட்டாலும் மணி காலுக்கு எட்டாது. செவலைக்குப் பீரோ மேல பழைய கம்பளி. அவளுக்கும் கதகதப்பு கிடைச்சா அவ ஏன் மூடி மேல வரப்போறா?

"அண்ணா, வலை அசிங்கமா இருக்கு, மூடியும் கண்ணாடியிலயே போட்டுடுங்க"ன்னு கடைக்கு வர்றவங்க கேட்பாங்க. கண்ணாடி விக்கிறவன் நானே வேணாம்னு சொல்றேன், கேட்டுக்கோங்க. சாதாரணக் கண்ணாடி புற ஊதா பி-யைத் தடுத்துடும். ஜன்னல் கண்ணாடி வழியா வர்ற வெயில்ல வச்சாலும் அதே கதைதான். சூடு மட்டும் ஏறும், பிரயோஜனம் இருக்காது. மேல நம்ம ஊர் சித்திரை வைகாசி வெயில், நாப்பது டிகிரியைத் தாண்டும். மேற்கு ஜன்னல் பக்கம் தொட்டியை வச்சீங்கன்னா ஆமை வெந்துடும். தண்ணி 24-ல இருந்து 27 டிகிரிக்குள்ள இருக்கணும். கோடையில மத்தியானம் சூட்டு லேம்ப்பை அணைச்சிடறேன்.

தொட்டி அளவு: ஓட்டு நீளம் ஒரு அங்குலத்துக்குச் சுமார் நாப்பது லிட்டர் தண்ணின்னு ஒரு கணக்குச் சொல்வாங்க. பத்து அங்குல ஆமைக்கு 400 லிட்டர். நாலடிக்கு ரெண்டடிக்கு ரெண்டடித் தொட்டி ரொம்பினா 450 லிட்டர், அதாவது 450 கிலோ, கண்ணாடி எடை தனி. இதை டீவி ஸ்டாண்டு மேல வைக்கணும்னு கேட்டு வர்றாங்க! அதுவும் அஞ்சு எம்.எம். கண்ணாடி போதும், விலை குறையுமேன்னு. நான் போட்டுத் தர்றதில்லை. பக்கத்துக் கடையில போட்டுக்கோங்கன்னு அனுப்பிடறேன்.

தண்ணின்னதும் எனக்கு இன்னொண்ணு ஞாபகம் வருது. போர் தண்ணியை ஊத்தினா கண்ணாடியில வெள்ளை வெள்ளையாப் படியும், ஃபில்டரும் அடைச்சுக்கும். மாநகராட்சித் தண்ணியைப் பிடிச்சு ஒரு நாள் வச்சிருந்து ஊத்துறேன். பாலாத்தங்கரையில பொறந்தவன், ஒரு ஆமைக்கு நல்ல தண்ணிக்குக் குடத்தோட நிக்கிறேன். பாலாத்தைக் கெடுத்ததுக்காக 1996-ல சுப்ரீம் கோர்ட் தோல் தொழிற்சாலைகளுக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டுச்சு. மாசு பண்ணினவனே நஷ்ட ஈடும் தரணும், மண்ணையும் தண்ணியையும் சரிபண்ற செலவையும் ஏத்துக்கணும்னு தீர்ப்பு. வக்கீலுக்குப் படிக்கிற பசங்க வேலூர் கேஸ்னு இன்னைக்கும் படிக்கிறாங்க. கேஸு ஊர் பேர்ல நாடு முழுக்கப் போயிடுச்சு, தண்ணி மட்டும் திரும்பி வரலை. எங்க தாத்தா மணலைக் கையால தோண்டிக் குடிச்ச ஆறு அது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும்.

விஷயத்துக்கு வரேன். சுத்தம். ஆமை உடம்புல சால்மோனெல்லா கிருமி இருக்கும், ஆமைக்கு ஒண்ணும் பண்ணாது, மனுஷனுக்கு வயித்தால போகும். இதுக்காகவே அமெரிக்காவுல 1975-ல நாலு அங்குலத்துக்குக் குறைஞ்ச ஆமை விக்கவே தடை போட்டாங்க. பூனை அந்தத் தண்ணியைக் குடிக்கக் கூடாது, மூடி அதுக்கும்தான். தொட்டிச் சாமானைச் சமையல்கட்டு சிங்க்ல கழுவாதீங்க. அஞ்சு வயசுக்குக் கீழ குழந்தை இருந்தா ஆமை ஆசையைத் தள்ளிப்போடுங்க.

தரையில நடக்க விடும்போது பூனை கதவுக்கு அந்தப் பக்கம். "ரெண்டும் பழகிடுச்சு, சேர்ந்து விளையாடுது"ன்னு வீடியோ போடறவங்களைப் பார்த்து ஏமாறாதீங்க. ஆமை விளையாடலை, தப்பிச்சுப் போகப் பார்க்குது.

கடைசியா, சொந்தக்காரங்க. மணி வந்த வாரமே ஆற்காட்டுல இருந்து பெரியம்மா வந்தாங்க. தொட்டியைப் பார்த்ததும், "இன்னாத்துக்குடா இது, ஆமை பூந்த வீடும் அமீனா பூந்த வீடும் உருப்படாது, தெரியாதா உனுக்கு"ன்னு ஆரம்பிச்சாங்க. அவங்க வீட்டு ஹால்ல வாஸ்துக்குன்னு தட்டுல தண்ணி ஊத்திப் பித்தளை ஆமை வச்சிருக்காங்க. கேட்டேன். "அது வேற"ன்னாங்க. உங்க வீட்டுலயும் யாராவது சொல்வாங்க, தயாரா இருங்க.

தொட்டி வைக்கிற இடத்தோட நீளம் அகலம், கிட்ட எந்தப் பக்கம் ஜன்னல், பிளக் எங்க இருக்கு, இதைச் சொன்னீங்கன்னா கண்ணாடி எவ்வளவு தடிமனா வேணும்னு கணக்குப் போட்டுச் சொல்றேன். ஆமையை டப்பாவுல வச்சுக்கிட்டு வந்து "இன்னைக்கே வேணும்"னு மட்டும் நிக்காதீங்க. சிலிக்கான் நல்லா காயணும், அப்புறம் தண்ணி ரொப்பி ஒழுகுதான்னு பார்க்கணும், அதுக்கப்புறம்தான் தருவேன்.